ஐம்பது யென் தபால்தலை

ஹச்சினொஹே ஊர்ப் பொதுக்கூடத்தின் மாடியில் வியாழன்தோறும் மதியம் இரண்டு மணிக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். கனெஹமா தொகுயிச்சி எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். எழுபத்தைந்து வயதாகியும் முதுகு மட்டும் வளையவில்லை. கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் வைத்திருந்த குடும்பம் அவருடையது. ஏழு தலைமுறையாகத் துறைமுகத்தில் அந்தப் பெயரை யாரும் சாதாரணமாகச் சொன்னதில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு இருபது வருடம் தலைவராக இருந்தவர். பதவி போய்ப் பத்து வருடமாகியும் ஊர் அவரைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிட்டது.

பாடம் சொல்பவள் மேரிடெஸ். பிலிப்பைன்ஸ்காரி. இந்த ஊர்ப் படகு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இப்போது மீன் சந்தையில் அவள் பேரம் பேசுவதைக் கேட்டால் உள்ளூர்க்காரி தோற்றுப்போவாள். இலக்கணமெல்லாம் அவள் நடத்துவதில்லை. ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு, அதை மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதிப்போடுவாள்.

அன்று எழுதியது: 'ஐ மிஸ் யூ.'

"இதுக்கு நம்ம பேச்சுல நேரா ஒரு சொல்லு கிடையாது" என்றாள். "நீ இங்க இல்ல, அதனால எனக்கு என்னமோ குறையுது. அப்படி வெச்சுக்கோங்க. எங்க, பக்கத்துல இருக்கிறவங்களப் பாத்து ஆளுக்கொரு தடவ சொல்லுங்க."

ஒன்பது பேரும் நோட்டுக்குள் குனிந்துகொண்டார்கள். மீன்கடை குஜிதான் கடைசியில் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணின பொண்டாட்டிகிட்டயே இதச் சொன்னதில்ல. பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட சொல்லச் சொல்றியே!"

"இன்னிக்குப் போய் அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா வம்பு. எங்கயோ தப்பு பண்ணிட்டு வந்திருக்கான்னு சட்டப்பையத் துழாவுவா."

கூடம் சிரித்தது. அந்தத் தைரியத்தில் குஜி பின்னால் திரும்பி, "தலைவரே, ஐ மிஸ் யூ" என்றார்.

"நான் இங்கதானே இருக்கேன்" என்றார் தொகுயிச்சி.

இன்னொரு சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போல வளையத்தில் கோத்த சின்னச் சின்ன அட்டைகள் அவரிடம் இருந்தன. ஒன்றில் அதை எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இந்த வயசுல எதுக்குத் தலைவரே இங்கிலீசு?" படி இறங்கும்போது குஜி விடவில்லை. "அமெரிக்காவுக்குக் கணவாய் ஏத்துமதியா?"

"விருந்தாளி வந்தா பேசணும்ல."

"யாரு விருந்தாளி?"

"வந்தா சொல்றேன்."

விருந்தாளி அவருடைய தங்கை மித்சு. நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால், இருபத்துமூன்று வயதில், பக்கத்து ஊர் முகாமில் இருந்த டேல் என்ற அமெரிக்கச் சிப்பாயோடு போனவள். அப்பா அன்றைக்கே, "எனக்குப் பொண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அது வீட்டுத் தூண் மாதிரி, அதை யாரும் அசைப்பதில்லை. அப்பா போன பிறகும் தொகுயிச்சி அந்த வார்த்தையைக் காத்தார். காத்தது பெருமை என்றே நெடுநாள் நினைத்திருந்தார்.

அம்மா போனது அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு ஜூன் மாதம். "மித்சுவுக்கு ஒரு தந்தியாவது குடுங்க" என்று அவர் மனைவி தொமி அழுதாள். அவர் கொடுக்கவில்லை. வருடக் கடைசியில் ஊர் வழக்கப்படி, 'எங்கள் வீட்டில் துக்கம், ஆகையால் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதற்கில்லை' என்று முந்நூறு அட்டை அச்சடித்தார்கள். அதில் ஒன்றை அமெரிக்காவில் மித்சு இருந்த ஓரிகனுக்கும் அனுப்பச் சொன்னார். பெற்ற தாய் செத்த சேதி, ஆறு மாதம் கழித்து, ஐஸ் வியாபாரிக்கும் வலை வியாபாரிக்கும் போன அதே அச்சில் மித்சுவுக்குப் போயிற்று.

அதற்கு அவளிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. ஆனால் மறுவருடத்திலிருந்து, புத்தாண்டு பிறக்கும்போதெல்லாம் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. ஒற்றை வரி: 'இங்கே நலம். குளிர் அதிகம்.' இந்த வருட அட்டையில் வரிக்குக் கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது.

வருகிற ஜூன் பத்தாம் தேதி அம்மாவுக்கு முப்பத்துமூன்றாம் ஆண்டுச் சடங்கு. அதுவே கடைசி. அத்தோடு அம்மா என்ற தனி ஆள் போய், முன்னோர்கள் என்ற கூட்டத்தில் சேர்ந்துவிடுவாள். அதற்குப் பிறகு அவளுக்கென்று கோயிலில் மணி அடிக்கப்போவதில்லை, அவள் பெயரைச் சொல்லி யாரையும் அழைக்கவும் முடியாது. மித்சுவைக் கூப்பிடுவதானால் இப்போது கூப்பிட வேண்டும்.

அவள் வந்தால் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஆங்கிலம். மன்னிப்புக் கேட்பதற்கு அவருடைய சொந்தப் பேச்சில் சொற்களுக்கா பஞ்சம்? கடைக்காரன் கேட்பது ஒரு விதம், மாப்பிள்ளை மாமனாரிடம் கேட்பது ஒரு விதம், வலை கிழித்த கூலியாள் முதலாளியிடம் கேட்பது இன்னொரு விதம். ஆனால் கனெஹமா வீட்டுத் தலைமகன் தங்கையிடம் கேட்டதை இந்த ஏழு தலைமுறையில் யாரும் காதால் கேட்டதில்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் வாய்க்குப் பொருந்தவில்லை. ஒருநாள் காலையில் முகம் மழிக்கும்போது வானொலியில் ஆங்கிலப் பாடம் ஓடியது. அதில் முதலாளியும் குமாஸ்தாவும் ஒருவரிடம் ஒருவர் ஒரே வாக்கியத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் பேச்சில் சொன்னால் யாரும் யாருக்கும் கீழே போக வேண்டியதில்லை போலிருக்கிறது என்று பட்டது. அடுத்த வியாழக்கிழமை பொதுக்கூடத்தில் பெயர் கொடுத்தார்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் அழைப்பு அச்சாகி வந்தது. வழக்கம்போல அதோடு ஒரு மறுமொழி அட்டை. 'வருகிறேன்', 'வருவதற்கில்லை' என்று இரண்டும் அதில் அச்சாகியிருக்கும், ஒன்றை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும். அழைக்கப்பட்டவருக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதால் தபால்தலையையும் அழைக்கிறவரே ஒட்டித் தருவது மரியாதை. மித்சுவின் அட்டையில் ஐம்பது யென் தலையை அவரே கோணல் இல்லாமல் ஒட்டினார். உறைமேல் ஓரிகன் முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதும்போது மூன்று உறை பாழாயிற்று. நாலாவது தேறியது.

பிறகு காத்திருந்தார்.

தபால் வண்டி காலை பத்து மணிக்கு வரும். பத்து மணிக்கு அவருக்கு வாசலில் ஏதாவது ஒரு வேலை இருந்தது. செருப்பை நேராக வைப்பார், பைன் மரத்தில் காய்ந்த ஊசிகளைக் கிள்ளுவார். சடங்குக்கு அழைத்த இருபத்தேழு பேரில் இருபத்தாறு பேரின் அட்டை வந்து சேர்ந்தது. ஏப்ரல் பிறந்தது. பனி உருகி, துறைமுகத்துப் பக்கம் கடற்காக்கைகள் கூடு கட்ட வந்து இரைந்தன. மித்சுவின் அட்டை வரவில்லை.

"வர இஷ்டமில்லன்னா, இல்லன்னு வட்டம் போட்டு அனுப்பலாமே" என்றார் ஒருநாள் சாப்பாட்டின்போது. "அதுவும் ஒரு பதில்தானே."

"முப்பது வருஷம் அவளுக்கு ஒரு பதிலும் போடாதவர் பேசுற பேச்சு!" தொமி சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். மித்சு இந்த வீட்டில் இருந்த கடைசி இரண்டு வருடம் அண்ணியும் நாத்தியும் ஒரே கொசுவலைக்குள் படுத்துக் கதை பேசியவர்கள். "உங்க அப்பா வாக்கக் காப்பாத்துறேன் காப்பாத்துறேன்னு அவரையே மிஞ்சிட்டீங்க. மாமா இருந்திருந்தா, அத்தை போனப்ப ஒரு தந்தி குடுத்திருப்பாரு."

"குடுத்திருக்க மாட்டாரு."

"குடுத்திருப்பாரு. உங்களுக்குத் தெரியாம குடுத்திருப்பாரு."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பசி போய்விட்டது.

மறுநாள் தபாலாபீசுக்குப் போனார். தங்கை விஷயம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டுத் தபாலுக்கு இப்போதெல்லாம் எத்தனை நாள் ஆகிறது என்று பொதுவாகக் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி அவருடைய படகு ஒன்றில் வலை இழுத்தவரின் மகள்.

"அமெரிக்காவா? ஒரு வாரம், மிஞ்சினா பத்து நாள், தலைவரே. என்ன அனுப்பினீங்க?"

"அழைப்பு. மறுமொழி அட்டையோட."

"அட்டையில தபால்தல ஒட்டியா?"

"ஒட்டாம அனுப்புவாங்களா?"

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "தலைவரே, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம தபால்தல நம்ம நாட்டுக்குள்ளதான் செல்லும். அங்க அந்த அட்டையப் பெட்டியில போட்டா, வெறும் காகிதம்னு எடுத்து ஓரமா வெச்சிருவாங்க. அது எப்படித் திரும்பி வரும்?"

இருபது வருடம் சங்கத்தில் ஆயிரக்கணக்கான அட்டை அனுப்பியவர் அவர். காது மடல் சூடாயிற்று. "ஆமாமா, அதான் கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஏறி உட்காரத் தோன்றவில்லை.

வெட்கம் பாதி வழியில் ஆறிவிட்டது. பாதி வழிக்கு மேல் வேறொன்று வந்து பிடித்தது. மித்சு அந்த அட்டையை எப்படிப் பார்த்திருப்பாள்? முதலில் அம்மா செத்ததை அச்சடித்து அனுப்பினான். இப்போது பதில் எழுத வழியில்லாத ஓர் அட்டையை அனுப்பியிருக்கிறான். கூப்பிட்ட மாதிரியும் இருக்கணும், வரவும் கூடாது. கனெஹமா தொகுயிச்சி அப்படிச் செய்யக்கூடியவன்தான் என்று அவள் நினைத்தால், இல்லை என்று சொல்ல அவரிடம் ஒரு சாட்சியும் இல்லை.

அந்த வியாழக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் எழவில்லை. மேரிடெஸ் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர். தொலைபேசியில பேச நாலு வாக்கியம் வேணும்."

"எழுதிருவோம். யாருகிட்ட?"

"ஒருத்தங்ககிட்ட."

"பெரியவங்களா, சின்னவங்களா?"

"இங்கிலீசுல அதெல்லாம் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மேரிடெஸ் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒருமணி நேரத்தில் நாலு வாக்கியம் ஆயிற்று. நான் இன்னார். நான் உனக்கு ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன். அம்மா போன அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாலாவதாக அவர் வளையத்திலிருந்து ஓர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஐ மிஸ் யூ.

"வேணும்னா உங்களுக்குப் பதிலா நானே பேசட்டுமா?" என்றாள் மெதுவாக.

"வேண்டாம். இதுக்கு ஆள் வெக்கக் கூடாது."

"சரி. அப்ப ஒண்ணு. எங்க அம்மா அங்க ஊர்ல, ஈலோஈலோவுல இருக்காங்க. ஞாயித்துக்கிழமையானா இதச் சொல்லிட்டுத்தான் ஃபோன வெப்பேன். வருஷக்கணக்கா சொல்லியும் தொண்ட அடைக்கும். அடைச்சா நிறுத்திராதீங்க. அவங்களுக்கு அதுவும் கேக்கும்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஓரிகனில் வியாழன் மாலை நாலு. தொகுயிச்சி தொலைபேசிக்கு முன்னால் முழங்கால் மடித்து நேராக உட்கார்ந்தார். நாலு அட்டையும் பாயில் வரிசையாக இருந்தன. தொமி அடுக்களையில் பாத்திரம் கழுவுவதாகப் பேர், குழாய் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது மணியில் எடுத்தது ஓர் ஆண் குரல். வயதான, கரகரத்த குரல். டேலாகத்தான் இருக்க வேண்டும்.

"ஹலோ?"

"ஹலோ. திஸ் இஸ் கனெஹமா தொகுயிச்சி."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற ஓசை கேட்டது. பிறகு, "ஹோல்டு ஆன். டோன்ட் ஹேங் அப். ப்ளீஸ்" என்றது குரல். வகுப்பில் படித்தது. இரு, வைத்துவிடாதே. அவர் புரிந்துகொண்டார். இத்தனை வருடம் சிப்பாய் என்றே மனதுக்குள் சொல்லிவந்த ஆள் தன்னிடம் கெஞ்சுகிறான் என்பதும் புரிந்தது.

ஏதோ ஒரு கதவு கிறீச்சிட்டது. நாய் குரைத்தது. தூரத்தில் அந்த மனிதன், "மிட்ஸி! மிட்ஸி!" என்று கூப்பிட்டான். யாரைக் கூப்பிடுகிறான் என்று முதலில் விளங்கவில்லை. மித்சுவைத்தான் என்று பிறகு விளங்கியது. இங்கே அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டு நாற்பத்தாறு வருடம். அங்கே தினமும் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து அவள் படியேறி வருகிற ஓசையைக் கேட்டார். மெதுவான நடை, ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. மித்சு ஓடித்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"ஹலோ" என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் அட்டைகளைப் பார்த்துச் சொன்னார். முதல் மூன்றும் தடுமாறாமல் வந்தன. நாலாவதில் 'ஐ' என்றதோடு தொண்டை நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை. திரும்பவும், 'ஐ மிஸ்...' மூன்றாம் முறைதான் முழுசாக வந்தது.

அந்தப் பக்கம் நாய் ஒருமுறை குரைத்தது.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள். ஊர்ப் பேச்சு. இப்போது இங்கே கிழவிகள்கூடப் பேசாத, அவர்கள் சின்ன வயதில் பேசிய பேச்சு, உப்புப் போட்டு வைத்தது போல அப்படியே.

"பிலிப்பைன்ஸ் பொண்ணு ஒண்ணு. பொதுக்கூடத்துல."

"நீங்க வகுப்புக்குப் போனீங்களா? பெஞ்சுல உக்காந்தா?"

"நாற்காலி."

அவள் சிரித்தது போலிருந்தது. பிறகு அது சிரிப்பாக இல்லை. "அட்டை வந்துச்சு. பதில் போட முடியாத அட்டை. மறுபடியும் அப்படித்தான் பண்றீங்கன்னு நெனச்சேன். எல்லாம் அச்சு. உங்க பேரும் அச்சு. அம்மா போனதுக்கு வந்த அட்டை மாதிரியே."

"தபால்தல அங்க செல்லாதாம். எனக்குத் தெரியாது."

"உங்களுக்கா தெரியாது?"

"தெரியாது, மித்சு."

அப்படி ஒரு வார்த்தையைத் தங்கையிடம் அவர் சொன்னதே இல்லை.

"இங்கிலீசுல நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள். "ஆனா அண்ணே, இந்த வாக்கியத்தையெல்லாம் இங்க தெனமும் கேக்குறேன். தாமதமா வந்தா சொல்றாங்க, கால மிதிச்சா சொல்றாங்க. நல்ல மனுஷங்க. எனக்கு அவங்க சொன்னதே போதும். நீங்க நம்ம பேச்சுல சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். பாயின் ஓரத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல" என்றாள் அவளே. "ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். வண்டி கெளம்புற வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தேன். அப்பா வர மாட்டாரு, தெரியும். அம்மாவ விட மாட்டாங்க, தெரியும். நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்."

"கொல்லையில வெறகு வெட்டிட்டிருந்தேன்."

அவர் பாயிலிருந்த அட்டைகளை ஓரமாக ஒதுக்கினார்.

"ஊதல் சத்தம் கேட்டுச்சு. கோடாலியக் கீழ வெச்சிட்டு நின்னேன். பாலத்தத் தாண்டிப் போற வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கப்புறமும் நின்னேன்." அவர் மூச்சு வாங்கினார். "அம்மா உன்னத்தான் கேட்டா, மித்சு. கடைசி ரெண்டு நாளும். வருவா வருவான்னு சொன்னேன். வரச்சொல்லவே இல்ல நான். நான் செஞ்சது தப்பு."

அடுக்களையில் குழாய் நின்றது.

அவள் அழுவது கேட்டது. கிழவியின் அழுகை இல்லை, கொசுவலைக்குள்ளிருந்து கேட்கிற அழுகை. தேற்ற அவருக்குத் தெரியவில்லை. அது ஓய்கிற வரை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"ஜூன் மாசம் இங்க கீழ்க்காத்து அடிக்கும்" என்றார் பிறகு. "வெயில்காலம்னு நெனச்சு லேசா எடுத்துட்டு வராத. கம்பளி எடுத்துட்டு வா."

"டேலுக்குக் குளிர் ஒத்துக்காது."

"அவருக்கும் சேத்து எடுத்துட்டு வா."

"அவருக்கு மீன் வாடையும் ஆகாது, அண்ணே."

"துறைமுகத்துல அத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மூக்கப் பொத்திக்கச் சொல்லு."

இம்முறை அது சிரிப்புதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "எனக்கு இப்ப ஊரு தெரியாது. ஸ்டேஷனே மாறிப்போச்சாமே. யாராச்சும் வருவீங்களா?"

கனெஹமா வீட்டுத் தலைவர் யாரையும் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்ததில்லை. வருகிறவர்கள் வாசலுக்கு வருவார்கள், அவர் உள்ளே உட்கார்ந்திருப்பார்.

தொகுயிச்சி பென்சிலைத் தேடி எடுத்தார். நாலு அட்டையில் ஒன்றைத் திருப்பி வெறும் பக்கத்தைப் பாயில் வைத்தார்.

"எந்த வண்டி?" என்று கேட்டார்.